ரெப்ளிகேஷனைத் திரும்ப ஓடவைக்கும் டூல் 1032 எரரில் நின்றுவிடுகிறது, அதையும் தாண்டச் சொல்லலாமா?

வடமராட்சிப்பொடியன்:

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேணும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு கட்டடப் பொருள் கடை, அதற்கு நெல்லியடியில் ஒரு கிளை, இரண்டின் கணினி வேலையையும் நான்தான் பார்க்கிறேன். டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் 8.0. எல்லாம் முதலில் எழுதப்படும் மாஸ்டர் யாழ்ப்பாணக் கடையில், அதை அப்படியே பின்தொடரும் கொப்பியான ரெப்ளிகா நெல்லியடியில், அந்தக் கொப்பி வேலைதான் ரெப்ளிகேஷன். நெல்லியடியில் போடும் பில்லும் லைன் வழியாக யாழ்ப்பாண மாஸ்டரில்தான் விழும். ரெப்ளிகா ரிப்போர்ட் பார்ப்பதற்கும், மாஸ்டருக்கு ஏதாவது நடந்தால் கைகொடுப்பதற்கும் வைத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனி அடையாள எண் கொடுக்கும் ஜிடிஐடி இல்லை, எதுவரை ஓடியது என்பதற்குப் பழைய முறைப்படி லொக் ஃபைல் பெயரும் அதற்குள் உள்ள பொசிஷனும்தான்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு பின்னேரம் பெரிய மழை, லைன் அறுந்துவிட்டது. இரவு திரும்ப வந்தபோது ரெப்ளிகேஷன் 1062 எரரில் நின்றது, அதாவது அதே எண்ணில் ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கிறதாம். எரர் வந்த இடத்தைத் தாண்டச் சொல்லும் ஸ்கிப் கௌண்டரைக் கையால் 1 என்று கொடுத்துத் தொடங்கினேன், உடனே திரும்ப 1062. இரண்டாம் தரமும் அப்படியே. பிறகு தேடிப் பார்த்து, பெர்கோனா டூல்கிட்டில் உள்ள பிடி-ஸ்லேவ்-ரீஸ்டார்ட் என்ற கொமாண்ட்லைன் டூலை எடுத்து, எரர் நம்பர்ஸ் ஒப்ஷனில் 1062 மட்டும் கொடுத்து ஓடவிட்டேன். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் சரியாகி, பின்தங்கிய நேரம் 0 என்று காட்டியது. அன்றிலிருந்து டூலைப் பின்னணியில் ஓடவிட்டிருக்கிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை 1032 என்று வந்தது, பதிவைக் காணவில்லையாம். டூல் தானாக நின்றுவிட்டது. திரும்பத் தொடங்கினாலும் உடனே வெளியே வந்துவிடுகிறது. 1032ஐயும் அந்த ஒப்ஷனில் சேர்த்துவிடலாமா, அல்லது டூலில் ஏதும் பழுதா? முதலாளிக்குக் காலையில் ரிப்போர்ட் கொடுக்கவேணும்.

தரவுக்காரி:

சேர்க்காதே தம்பி. டூலில் பழுது இல்லை, அது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. எரர் நம்பர்ஸ் கொடுத்து ஓடவிட்டால், அந்தப் பட்டியலில் இல்லாத எரரைக் கண்டதும் அது வெளியேறிவிடும். அந்த டூலின் கையேட்டிலேயே, ரெப்ளிகேஷனைச் சரிசெய்ய இதை நம்பியிருக்க வேண்டாம், எரர் அடிக்கடி வந்தால் மூல காரணத்தைத் தேடு என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

1062 என்றால் மாஸ்டர் அனுப்பிய பதிவுக்கு ரெப்ளிகாவில் ஏற்கெனவே வேறு ஏதோ உட்கார்ந்திருக்கிறது. 1032 என்றால் மாஸ்டர் மாற்றச் சொல்கிற பதிவு ரெப்ளிகாவில் இல்லை. முதலாவதைத் தாண்டித் தாண்டிப் போனால் இரண்டாவது ஒருநாள் வரும், உனக்கு வந்திருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன். பின்தங்கிய நேரம் 0 என்பதை நம்பாதே. வரிசையில் வேலை மிச்சமில்லை என்பதை மட்டும்தான் அது சொல்லும், இரண்டு பக்கமும் தரவு ஒன்றா என்று சொல்லாது.

இப்போது மூன்று விடயம் பார்த்துச் சொல். ஒன்று, ரெப்ளிகாவில் யாரும் எழுதாமல் தடுக்கும் ரீட் ஒன்லி போட்டிருக்கிறாயா. இரண்டு, டூலின் லொக்கில் எத்தனை வரி இருக்கிறது. தாண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் நேரம், ரிலே லொக் (மாஸ்டரிடமிருந்து வந்ததை ரெப்ளிகா எழுதி வைப்பது) ஃபைல், பொசிஷன், எரர் எண் எல்லாம் அதில் இருக்கும். மூன்றாவதுதான் முக்கியம். 8.0இல் ரெப்ளிகாவும் தன் பின்லொக்கை, அதாவது நடந்த மாற்றங்களின் பதிவை, எழுதிக்கொண்டிருக்கும், நீ நிறுத்தியிருந்தால் தவிர. மழை பெய்த அன்றைய ஃபைலை மைஎஸ்கியூஎல்பின்லொக் கொமாண்டால் விரித்துப் பார். ஒவ்வொரு நிகழ்வுக்கும் பக்கத்தில் சேர்வர் ஐடி இருக்கும். மாஸ்டரிலிருந்து வந்ததற்கு மாஸ்டரின் ஐடி, ரெப்ளிகாவிலேயே யாராவது எழுதியிருந்தால் ரெப்ளிகாவின் ஐடி. பின்லொக்கின் ஆயுள் 8.0இல் நீ மாற்றாவிட்டால் 30 நாள்தான். மூன்று கிழமை போய்விட்டது என்கிறாய், ஆகவே முதலில் அந்த ஃபைல்களை வேறு இடத்துக்குக் கொப்பி எடு.

சுன்னாகம்76:

அக்கா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் 1062 எல்லாமே ஆபத்து என்றும் இல்லை. இந்த டூல் மாட்கிட் என்ற தொகுப்பில் எம்கே-ஸ்லேவ்-ரீஸ்டார்ட் என்று இருந்த காலத்திலேயே நான் பாவித்திருக்கிறேன். அப்போது 5.5. ரெப்ளிகா எதுவரை ஓடியது என்ற பொசிஷன் தனியாக ஒரு ஃபைலில் எழுதப்படும். கரண்ட் பட்டென்று போனால் தரவு டிஸ்கில் இறங்கியிருக்கும், அந்த ஃபைல் இறங்கியிருக்காது. திரும்ப எழும்பியதும் ஏற்கெனவே செய்த அதே வேலையை இன்னொரு தரம் செய்யப் பார்த்து 1062 அடிக்கும். அங்கே தாண்டினால் ஒன்றும் கெடாது, இருப்பதும் வருவதும் ஒரே பதிவு. எங்கள் பக்கம் மின்வெட்டு வாடிக்கையாக இருந்ததால் இந்த டூல் இல்லாமல் நித்திரை கொள்ள முடியாது.

ஆனால் 8.0இல் அந்தப் பொசிஷன் இன்னோடிபி டேபிளுக்குள் தரவோடு சேர்ந்தே கொமிட் ஆகிறது, அதாவது இரண்டும் ஒன்றாகவே பதிவாகும். அதனால் அந்தப் பழைய காரணம் உனக்குப் பொருந்தாது. அதோடு, உனக்கு அறுந்தது லைன், கரண்ட் இல்லை. லைன் அறுவதால் 1062 வரவே வராது.

வடமராட்சிப்பொடியன்:

பார்த்தேன். கை நடுங்குகிறது.

ரீட் ஒன்லி போடவில்லை. டூலின் லொக்கில் அந்த இரவு 25 வரி, நான் கையால் தாண்டியது 2, ஆக 27. பின்லொக்கை விரித்தால் அன்று பின்னேரம் 5.10இலிருந்து 7 மணி சொச்சம் வரை ரெப்ளிகாவின் சேர்வர் ஐடியோடு 23 பில். நெல்லியடிக் கடைப் பொறுப்பாளரிடம் கேட்டேன். லைன் இல்லாமல் வாசலில் ஆட்கள் நின்றார்களாம், முன்பு இங்கே வேலை பார்த்த ஒருவருக்கு ஃபோன் அடித்துக் கேட்க, அவர் புரோகிராமின் செட்டிங்கில் சேர்வர் முகவரியை அந்தக் கடைக்குள்ளேயே இருக்கிற மெஷினுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். லைன் வந்ததும் திரும்ப மாற்றிவிட்டார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

லைன் அறுந்தபோது கடைசி பில் 48206. ஆகவே இங்கே 48207இலிருந்து 48229 வரை, யாழ்ப்பாணத்திலும் அதே நேரம் 48207இலிருந்து போயிருக்கிறது. இதெல்லாம் விளங்குகிறது. விளங்காதது இரண்டு. 23 பில்தான் மோதியது என்றால் ஏன் 27 தரம் தாண்டியது? அடுத்தது, 48213ஐ ரெப்ளிகாவில் எடுத்தால் யாழ்ப்பாணத்தில் கடனுக்கு 12 பை சீமெந்து வாங்கிய மேசன் ஒருவரின் பெயர், தொகையும் சீமெந்துக்குரிய தொகை, ஆனால் உள்ளே இருக்கும் சாமான் இரண்டு வாளி பெயின்டும் ஒரு பிரஷும்.

தரவுக்காரி:

48213ஐ முதலில் சொல்கிறேன், முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது.

நெல்லியடியில் பெயின்ட் வாங்கியவரின் பில் 48213 என்று ரெப்ளிகாவில் ஏறிவிட்டது. பிறகு மாஸ்டரிலிருந்து மேசனின் 48213 வந்து மோதியது, டூல் தாண்டியது. தாண்டும்போது ஒரு வரி மட்டும் போகாது, அந்த முழு டிரான்ஸாக்‌ஷனும் போகும்: பில் தலைப்பு, சாமான் வரிகள், இருப்புக் கழித்தது எல்லாம். ஆக ரெப்ளிகாவில் பெயின்ட் பில் மட்டும் மிஞ்சியது. அதன் பிறகு மேசன் கடைக்கு வந்து கடனைக் கட்டியிருப்பார், மாஸ்டரில் 48213இன் தலைப்பு மாறியிருக்கும். மாறிய பதிவையே அனுப்பும் ரோ முறையில் அந்த மாற்றம் வரும்போது ரெப்ளிகா பிரைமரி கீயை, இங்கே பில் எண்ணை, மட்டும் பார்த்து 48213ஐக் கண்டுபிடித்து, வந்த புதுப் பதிவை முழுதாக அதற்கு மேலே எழுதிவிடும். பழைய பதிவு ஒத்துப்போகிறதா என்று பார்க்காது. தலைப்பு மேசனுடையதாகிவிட்டது, சாமான் வரிகள் பெயின்ட்காரருடையதாகவே இருக்கின்றன. எரரும் இல்லை.

27க்குக் காரணம் சாமான் வரிகள். அவற்றுக்கும் தானாகக் கூடிக்கொண்டு போகும் தனி ஓட்டோ எண் இருக்குமே? நெல்லியடியின் 23 பில்லில் இருந்த வரிகள், யாழ்ப்பாணத்தின் முதல் 23 பில்லில் இருந்தவற்றைவிடக் கூட. அதனால் 48230 வரும்போது பில் எண் மோதவில்லை, வரி எண் மோதியது. 48230இலிருந்து 48233 வரை நாலு பில் அப்படி முழுதாகவே தாண்டப்பட்டு, ரெப்ளிகாவில் இல்லாமலே போயிருக்கும். வெள்ளிக்கிழமை அந்த நாலில் ஒன்றுக்கு யாரோ காசு கட்டியிருக்கிறார்கள், 1032 வந்திருக்கிறது. சரிபார், அந்த எரரில் உள்ள எண் இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இருப்பும் இப்படித்தான். ஒவ்வொரு நாளும் விற்கிற சாமானின் இருப்பு, மாஸ்டரிலிருந்து அடுத்த மாற்றம் வரும்போது மேலெழுதப்பட்டுச் சரியாகிவிடும். மாதத்துக்கு ஒன்று விற்கிற சாமானில்தான் பிழை அப்படியே கிடக்கும். ரிப்போர்ட்டில் ஒருவர் கண்ணிலும் படாததற்கு அதுதான் காரணம்.

இனிச் செய்ய வேண்டியது. அந்த 23 பில்லும் உண்மையான வியாபாரம் தம்பி, காசு வாங்கியிருக்கிறார்கள், ஆட்களின் கையில் பில் துண்டு இருக்கிறது. மாஸ்டரில் அவை இல்லவே இல்லை. இரண்டு பக்கத் தரவையும் ஒன்றாக்கும் பிடி-டேபிள்-சிங்க் ஓடவிட்டாலும் சரி, புதுக் கொப்பி எடுத்துப் போட்டாலும் சரி, மாஸ்டரில் இருப்பதுதான் நிலைக்கும், இந்த 23ம் அழிந்துபோகும். ஆகவே முதலில் பின்லொக்கிலிருந்து, டீகோட் ரோஸ், வெர்போஸ் இரண்டு ஒப்ஷனோடும் விரித்து, 23ஐயும் ஒவ்வொன்றாக எழுதி எடு. டேபிளைப் பார்த்து எடுக்காதே, 48213இன் தலைப்பு மாதிரி வேறும் மாறியிருக்கலாம். பின்லொக்கில் முதலில் எழுதியது அப்படியே இருக்கும். பிறகு பில்லிங் புரோகிராம் வழியாகவே மாஸ்டரில் புது எண்ணில் போடு, குறிப்பில் பழைய எண்ணை எழுது.

அதன் பிறகு ரெப்ளிகாவை ஒட்டுப்போடாமல் புதிதாகவே கட்டு. டேட்டா எவ்வளவு, 5, 6 ஜிபி இருக்குமா? அதற்குத் தரவு முழுவதையும் ஃபைலாக எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் போதும், சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன் ஒப்ஷனோடு, பொசிஷனையும் சேர்த்து எழுதச் சொல்லி. அந்த ஒப்ஷனுக்கு 8.0.26இலிருந்து சோர்ஸ் டேட்டா என்று பெயர், அதற்கு முன் மாஸ்டர் டேட்டா. ஓடத் தொடங்கியதும் சூப்பர் ரீட் ஒன்லியைச் செட் பெர்சிஸ்ட் கொடுத்து, சேர்வர் திரும்ப எழும்பினாலும் நிலைக்கும்படி போடு. வெறும் ரீட் ஒன்லி போதாது, சூப்பர் உரிமை உள்ள யூசரை அது தடுக்காது, உன் பில்லிங் யூசருக்கு எல்லா உரிமையும் கொடுத்து வைத்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். ரெப்ளிகேஷனை இது பாதிக்காது. பிறகு இரண்டு பக்கத் தரவும் ஒன்றா என்று ஒப்பிடும் பிடி-டேபிள்-செக்சம் மாஸ்டரில் ஒரு தரம் ஓடவிட்டுப் பார், மாதம் ஒருமுறை அதை வழக்கமாக்கு.

மணற்காடு:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். லைன் அறுந்து வருவதற்கு உனக்கு எந்த டூலும் தேவையில்லை. ரெப்ளிகாவில் இரண்டு வேலை தனித்தனியாக நடக்கிறது, ஐஓ திரெட் மாஸ்டரிடமிருந்து இழுத்து வைக்கும், எஸ்கியூஎல் திரெட் அதை எடுத்துப் போடும். லைன் போனால் ஐஓ திரெட் 60 செக்கனுக்கு ஒருதரம் தானே திரும்பத் திரும்பத் தட்டிப்பார்க்கும். எஸ்கியூஎல் திரெட் எரரில் நின்றால் மனிதர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ் பார்த்து, இரண்டில் ஒன்று நோ என்றிருந்தால் ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று, நேரத்துக்கு நேரம் தானே ஓடவைக்கும் கிரொனில் போடு, நான் அதை வைத்துத்தான் காலம் தள்ளுகிறேன்.

பிடி-ஸ்லேவ்-ரீஸ்டார்ட் பிழையான டூல் இல்லை. காரணம் தெரிந்த எரர், தாண்டினால் என்ன இழப்போம் என்று தெரிந்த இடம், அங்கே எரர் எண்ணையும், முடிந்தால் எரர் டெக்ஸ்ட் ஒப்ஷனில் அந்த டேபிள் பெயரையும் கொடுத்து, அது ஓடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும். பின்னணியில் நாள்கணக்காக விடும் சாமான் இல்லை அது.

நெல்லியடிப் பொறுப்பாளரில் குறை சொல்லவும் வேண்டாம். மழைக்குள் ஆட்கள் காசோடு நிற்கும்போது அவரால் வேறு என்ன செய்ய முடியும்? லைன் இல்லாத நேரத்துக்கு ஒரு 4ஜி ரவுட்டர், அதுவும் இல்லாவிட்டால் கையால் எழுதும் ஒரு பில் புத்தகம், இரண்டையும் வாங்கிக் கொடுத்து வை.

வடமராட்சிப்பொடியன்:

அக்கா, நீங்கள் சொன்னது போலவே 48231. எரரில் இருந்தது அந்த எண்தான், மாஸ்டரில் இருக்கிறது, ரெப்ளிகாவில் இல்லை.

23ஐயும் கொப்பியில் எழுதி முடித்து, நெல்லியடியில் இருந்த பில் துண்டுகளின் அடிக்கட்டையோடு ஒப்பிட்டேன், தொகை சதம் தப்பாமல் வருகிறது. அன்று நெல்லியடிக் கல்லாவில் காசு கூட இருந்ததாம், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் முதலாளி அதைத் தனியாக ஒரு உறையில் போட்டு வைத்திருந்தார். மூன்று பில் கடனுக்குப் போட்டது. அதைக் கழித்தால் உறையில் இருந்த தொகைக்குச் சரி. கடன்காரரில் ஒருவர் போன கிழமை காசு கட்ட வந்து, உங்கள் பெயரில் கடன் இல்லையே என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இன்று அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன்.

டேட்டா 6 ஜிபி. நாளை இரவு கடை பூட்டியதும் டம்ப் எடுக்கிறேன்.

தரவுக்காரி:

பழைய ரெப்ளிகாவை அழிக்கும் முன் அதன் பின்லொக் எல்லாம் வெளியே கொப்பி எடுத்தாயிற்றா? எடுக்காமல் ரீசெட் கொடுக்காதே.

வடமராட்சிப்பொடியன்:

ஓம் அக்கா, எடுத்துவிட்டேன். ஒன்று பென் டிரைவில், ஒன்று யாழ்ப்பாண மெஷினில்.