பித்தப்பைக் கல் உங்கள் வீட்டிலும் உண்டா?

யீஷூன்வாசி:
தீபாவளிக்கு மறுநாள் மிச்சமிருந்த மட்டன் பிரியாணியைச் சூடாக்கித் தின்றேன். நள்ளிரவில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. அவசரப் பிரிவில் மருத்துவர் அந்த இடத்தில் விரலை அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னார். பாதியிலேயே மூச்சு நின்றது. அம்மா உடனே, "இதே இடத்தில்தான் எனக்கும் கிழித்தார்கள்" என்றார். 1986இல் நடந்த அறுவை, தழும்பு ஒரு சாண் இருக்கும். ஊரில் பாட்டிக்கும் ஆயுள் முழுக்க 'வாயு'தான். எனக்கு நான்கு சிறு துளைகளோடு முடிந்தது. கற்களைப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். உளுந்து அளவில் பதினொன்று. அம்மா புட்டியை வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்து, "என்னுடையது இதைவிடப் பெரியது" என்றார். அதில் என்ன பெருமையோ!

தேக்கா அக்கா:
தங்கையே, எல்லாவற்றையும் பாட்டி தலையில் கட்டாதீர்கள். ஸ்வீடனில் 43,141 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். மரபின் பங்கு ஏறக்குறைய கால்வாசிதான். மூன்று தலைமுறையும் ஒரே குருமாவைத் தின்றால் வேறென்ன வரும்? எனக்கு வந்தது பட்டினியால். மகள் திருமணத்துக்காக மூன்று மாதத்தில் 16 கிலோ குறைத்தேன். ரவிக்கை பொருந்தியது, மேடையிலேயே சுருண்டேன். வேகமாக இளைத்தால் கல்லீரல் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூடுதலாகக் கொட்டும்; கொழுப்பே சாப்பிடாவிட்டால் பித்தப்பை சுருங்காமல் நீர் தேங்கும். ஆகவே மெதுவாக இளையுங்கள். காலை உணவைத் தவிர்க்காதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா? பருமன், சர்க்கரை, கல் மூன்றும் கூட்டாளிகள். பாலிகிளினிக்கில் நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள். கல் கரைய ஆப்பிள் சாறு குடிக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடுங்கள்.

உட்லண்ட்ஸ் அப்பா:
அக்கா, குருமாவா? என் மகனுக்கு 14 வயது, ஊதினால் பறப்பான். எண்ணெய்ப் பலகாரம் தொடமாட்டான். அவனுக்கும் கல், அதுவும் மிளகுபோல் கறுப்பு. கொலஸ்ட்ரால் கல் வேறு, இது வேறு. இரத்தச் சிவப்பணுக்கள் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருப்பதால் மண்ணீரலில் சிக்கி உடைகின்றனவாம்; அதில் வரும் நிறமியே கல்லாகிறது. பெரும்பாலும் தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். மருத்துவர், "வீட்டில் யாருக்காவது மண்ணீரலை எடுத்திருக்கிறார்களா?" என்று கேட்டபோது இல்லை என்று அடித்துச் சொன்னேன். அன்றிரவு ஈப்போவிலிருக்கும் அத்தையை அழைத்தேன். "உன் அப்பாவுக்கு எடுத்தார்களே, உனக்குத் தெரியாதா?" என்றார்.