4 ஜிபி ரேம் இருக்கிற வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல பழைய டெஸ்க்டாப் ஒண்ணு இருக்கு. விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் கிடையாது. அப்பா நெட் பேங்கிங்ல பென்ஷன் பார்ப்பார். தங்கச்சி பென் டிரைவ்ல புராஜெக்ட்டை எடுத்துட்டுப் போய் ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போடுவா. போன வாரம் அந்த பென் டிரைவைச் சொருகினா, ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா நிக்குது! விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே வைரஸைப் பிடிச்சு நீக்கிடுச்சு. மறைஞ்சிருந்த ஃபைல்களையும் மீட்டாச்சு. ஆனாலும் அப்பாவோட பேங்க் விஷயம், மனசு கேட்கல.

காசு கொடுத்து வாங்கலாம்னா, சென்னை கம்பெனியோட கே7, புனே கம்பெனியோட குயிக் ஹீல் ரெண்டையும் பார்த்து வெச்சிருக்கேன். வேற ஆன்டிவைரஸ் போட்டா டிஃபெண்டர் தானா ஒதுங்கிடும், அதனால மாத்துறதுக்கு முன்னாடி கேட்கிறேன். ஸ்கேன் ஓடும்போது பிரவுசர் தொங்குதா? அடுத்த வருஷம் ரின்யூ பண்றப்ப விலை ஏறுதா? கிராக் வெர்ஷன் மட்டும் தயவுசெஞ்சு சொல்லாதீங்க, வைரஸ் வர்ற முக்கியமான வழிகள்ல அதுவும் ஒண்ணு.

இன்னொரு கவலை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட் தர்றதை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திடுச்சு. இந்த மெஷின் விண்டோஸ் 11-ஐ ஏத்துக்காது. சிஸ்டத்துல இருக்கிற ஓட்டையை ஆன்டிவைரஸ் அடைக்காதே! பேசாம விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டுடலாமா? வயசானவங்களுக்குப் பழக்கிவிட்டவங்க யாராவது இருந்தா, அவங்க எங்கெங்க திணறினாங்கன்னு கொஞ்சம் விவரமா எழுதுங்க.