கூட வேலை பார்ப்பவர்களுக்கு எல்லாம் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை: புரோகிராமிங்கை விட்டுவிடலாமா?

உச்சிப்புளி_வாசி:
வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு பேக்கெண்ட் வேலை (சர்வர் பக்கப் புரோகிராம் எழுதுவது) பார்க்கிறேன். டிக்கெட்டாகக் கொடுத்த வேலையை முடித்துவிடுகிறேன், குறை யாரும் சொன்னதில்லை. ஆனால் கூட்டத்தில் மற்றவர்கள் பேச ஆரம்பித்தால் நான் வாயே திறப்பதில்லை. போன வாரம் ரிவியூ கூட்டத்தில், டீமில் ஒருவர் எழுதிய எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் வரி) மெதுவாக ஓடியது. இன்னொருவர் பார்த்த மாத்திரத்தில், "கிரியேட்டட்_அட் மேல் டேட் ஃபங்ஷன் போட்டால் இண்டெக்ஸ் எடுக்காது" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு அந்த வரி சுத்தமாகப் புரியவில்லை. சொன்னவர் என்னைவிட வயதில் சின்னவர். டெஸ்டிங் பக்கம் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். நண்பர்களைக் கேட்டால், "இது இம்போஸ்டர் சிண்ட்ரோம், எல்லாருக்கும் இருப்பதுதான், விடு" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கச்சான்:
தம்பி, உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-ல் எழுதிய கட்டுரையில்தான் இந்தப் பேச்சு தொடங்கியது. அவர்கள் எழுதியது படிப்பிலும் வேலையிலும் சாதித்துக் காட்டிய பெண்களைப் பற்றி. அத்தனை சான்று கையில் இருந்தும், "எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்" என்று நினைத்தவர்கள் அவர்கள். உங்கள் விஷயம் அது இல்லை. உங்களுக்கு ஒன்று தெரியவில்லை, தெரியவில்லை என்று தோன்றுகிறது. அந்த எண்ணம் சரியானதுதான். முதல் வருஷம் கடலுக்குப் போகிற பையனுக்குப் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே, ஆழம் எங்கே என்று தெரியாது. அதை யாரும் நோய் என்று சொல்வதில்லை, காட்டித்தான் கொடுப்பார்கள்.

அந்த இண்டெக்ஸ் கதையைப் பார்ப்போம். இண்டெக்ஸ் என்பது டேபிளில் வேகமாகத் தேட வைத்திருக்கும் வரிசைப் பட்டியல். கிரியேட்டட்_அட், அதாவது பதிவு உருவான தேதியும் நேரமும், அதில் சேர்ந்து வரிசையாக அடுக்கியிருக்கும். நீங்கள் அதன் மேல் தேதியை மட்டும் பிரித்தெடுக்கிற ஒரு ஃபங்ஷனைப் போட்டால், ஒவ்வொரு பதிவிலும் அதை ஓட்டிப் பார்த்தால்தான் விடை தெரியும். அடுக்கி வைத்ததற்குப் பயன் இல்லாமல் போகிறது, முழு டேபிளையும் படிக்க வேண்டியிருக்கிறது. "இன்று 0 மணி முதல், நாளை 0 மணிக்கு முன்வரை" என்று வரம்பாக எழுதினால் இண்டெக்ஸ் கைகொடுக்கும். எக்ஸ்ப்ளெயின் (டேட்டாபேஸ் எப்படித் தேடப்போகிறது என்று காட்டும் கட்டளை) போட்டு இரண்டையும் பாருங்கள். ஒரு சாயங்கால வேலை. அப்புறம், டெஸ்டிங் என்பது தெரியாதவர்கள் ஒதுங்குகிற இடமும் இல்லை.

கீழக்கரைப்பெண்:
இண்டெக்ஸ் விளக்கம் அருமை அண்ணா. ஆனால் "அந்த எண்ணம் சரியானதுதான்" என்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. அவருக்கு வந்தது "ஒரு வரி புரியவில்லை" என்ற எண்ணமா? "இந்த வேலைக்கு நான் லாயக்கில்லை" என்பதல்லவா? டீமில் ஒருவருக்கு டேட்டாபேஸ் தெரியும், ஒருவருக்கு நெட்வொர்க், இன்னொருவருக்குப் பழைய கோடின் வரலாறு. எல்லாரையும் கூட்டி ஓர் ஆளாக்கி, அந்த ஆளோடு தன்னை நிறுத்துப் பார்க்கிறார். அப்படி ஓர் ஆள் எங்கேயும் கிடையாது. பெரிய ஆட்களுக்கும் தவறும்: ஜாவா மொழியின் லைப்ரரியில் பைனரி செர்ச் (வரிசையான பட்டியலைப் பாதி பாதியாக ஒதுக்கித் தேடும் முறை) எழுதியவர் ஜோஷுவா பிளாக். நடுப்புள்ளிக்காக இரண்டு எண்களைக் கூட்டும் இடத்தில், பட்டியல் மிகப் பெரிதானால் கூட்டுத்தொகை அந்த எண் வகையின் வரம்பை மீறிவிடும் என்ற பிழை அதில் சுமார் 9 வருஷம் கிடந்தது. 2006-ல் அவரே அதை வெளிப்படையாக எழுதினார்.

என் அனுபவம் ஒன்று. மீன் கொள்முதல் கணக்குக்கு எங்கள் டீம் ஒரு செயலி செய்தது. ராமேஸ்வரம், பாம்பன் ஏலக் கணக்கில் பாதி முந்தின நாளில் போய் விழுந்துகொண்டே இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டத்தை (பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஓடும் அமைப்பை) கரைத்துக் குடித்தவர்கள் உட்கார்ந்து தேடினார்கள். சர்வரில் நேரம் யூடிசி, அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம். இங்கே விடிகாலை 4 மணி என்றால் அங்கே முந்தின நாள் இரவு 10:30. காலை 5:30-க்கு முன்னால் போடுகிற எந்தப் பதிவும் நேற்றைய தேதிக்குப் போகும். அவர்கள் பகல் 11 மணிக்குச் சோதித்தார்கள், எப்படி அகப்படும்? விடியுமுன் படகு கரை சேரும் என்பது தெரிந்ததால்தான் எனக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தது.

கச்சான்:
நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. விடியுமுன் படகு வரும் என்பது மண்டபத்திலிருந்து தொண்டிவரை எல்லாருக்கும் தெரியும். யூடிசிக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேரம், தேதியை எந்தக் கடிகாரத்தில் வெட்டுகிறோம் என்பதும் சேர்த்துத் தெரிந்ததால் நீங்கள் பிடித்தீர்கள். காப்பாற்றியது அறிவு. "நீ நன்றாகத்தான் இருக்கிறாய்" என்று ஆறுதல் சொல்லிச் சொல்லியே நம் பக்கத்துப் பிள்ளைகளை இருந்த இடத்திலேயே இருக்க வைக்கிறோம். எனக்கு அதில் கோபமே உண்டு.

தொண்டிக்கரை:
ஒன்றை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். பாதிப் பயம் இங்கிலீஷ். பத்து வார்த்தையை வேகமாகச் சொல்கிறவர் அறிவாளி மாதிரி தெரிவார். அதே விஷயத்தைத் தமிழில் கேட்டால் நமக்கு முன்னாலேயே தெரிந்ததாக இருக்கும்.

கீழக்கரைப்பெண்:
அண்ணா, அறிவு காப்பாற்றியது, சரி. ஆனால் அந்த டீமில் மண்டபத்துப் பெண் ஒருத்தியும் இருந்தாள். ஏலம் எத்தனை மணிக்கு என்று அவளுக்கும் தெரியும், யூடிசியும் தெரியும். சந்தேகம் எனக்கு முன்னாலேயே அவளுக்கு வந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "இவ்வளவு பெரிய ஆட்கள் தேடும்போது இது சில்லறை விஷயமாக இருக்குமோ என்று நினைத்தேன்" என்றாள். இருந்த அறிவை எது பூட்டி வைத்தது? நீங்கள் சரி என்று சொல்கிற அதே எண்ணம்தான். தெரியாததைப் படி என்று சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். லாயக்கில்லை என்ற நினைப்புக்கு மட்டும் மரியாதை கொடுக்காதீர்கள்.

கச்சான்:
அந்தப் பெண் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. தெரிந்தும் சொல்லாதது வேறு, தெரியாதது வேறு. கிளான்ஸும் ஐம்ஸும் எழுதியது அவளைப் போன்றவர்களைப் பற்றித்தான். தம்பி எந்த வகை என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும். என் பேச்சை நான் மாற்றவில்லை: முதலில் படிக்க வேண்டும்.

உச்சிப்புளி_வாசி:
அண்ணே, இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். ஃபங்ஷன் போட்டால் எக்ஸ்ப்ளெயினில் டைப் "ஆல்" (முழு டேபிளும்) என்று வருகிறது, வரம்பாக எழுதினால் "ரேஞ்ச்" (அந்த வரம்பு மட்டும்). இப்போது புரிகிறது. அப்புறம் அக்கா சொன்னதைப் படித்தபோது ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் டேபிளும் யூடிசிதான், ரிப்போர்ட் நம் நாட்டுக் கடைகளுக்கு. அப்படியானால் வரம்பு 0 மணியில் தொடங்கக் கூடாது, முந்தின நாள் 18:30-லிருந்து தொடங்க வேண்டும், இல்லையா? அந்த ரிவியூவில் இதை யாருமே சொல்லவில்லை.

கச்சான்:
ரொம்பச் சரி. முந்தின நாள் 18:30 முதல், அன்று 18:30-க்கு முன்வரை. என் விளக்கத்திலும் அது இல்லை. நாளைக் கூட்டத்தில் சொல்லுங்கள் தம்பி.

கீழக்கரைப்பெண்:
நாளை வரை வேண்டாம். இன்றைக்கே அந்த ரிவியூவில் கமெண்டாகப் போட்டுவிடுங்கள், கூடவே விடிகாலை 4 மணிப் பதிவு ஒன்றை உதாரணமாகக் கொடுங்கள்.