விலங்கின் மூளையில் மின்வாய் இறக்கித்தான் கவனத்தை அறிய வேண்டுமா?

கொக்குவில் ஆசிரியை:
உயர்தர உயிரியல் வகுப்பில் ஒரு மாணவி சென்ற கிழமை கேட்ட கேள்வியை இங்கே வைக்கிறேன். குரங்குகளினதும் எலிகளினதும் மண்டையோட்டில் துளையிட்டு, நரம்புக்கலத்தின் மின்துடிப்பைப் பதியும், மயிரிழையிலும் மெல்லிய மின்வாயை அதன் அருகில் நிறுத்தி, கவனமும் விழிப்பும் எப்படி உண்டாகின்றன என்று பார்ப்பது நியாயமா என்று அவள் கேட்டாள். நியாயமில்லை என்பதே என் விடை. தலைத்தோலில் மின்வாய் ஒட்டி மனித மூளையலைகளைப் பதிவு செய்யும் முறையை ஹான்ஸ் பேர்கர் 1929 இலேயே வெளியிட்டுவிட்டார்.

நல்லூரான்:
ரீச்சர், தலைத்தோலில் கிடைப்பது பெருந்தொகையான கலங்களின் கூட்டு ஒலி மட்டுமே. விழிப்போடு நெருங்கிய தொடர்புடைய லோக்கஸ் செருலியஸ் என்ற சிறு நரம்புக்கலத் திரள் மூளைத்தண்டின் ஆழத்தில் இருக்கிறது. எலியில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 1,500 கலங்கள்தான். எங்கள் விறாந்தையில் படுத்திருக்கும் பூனை, மீன்காரரின் ஹோர்ன் ஒழுங்கை முடக்கில் கேட்டதும், கண் திறக்குமுன்பே காதைத் திருப்பிவிடுகிறது. அந்தக் கணத்தில் உள்ளே எது முந்துகிறது என்பதை வெளியே நின்று அறிய முடியாது. ஆஸ்டன் ஜோன்ஸ், புளூம் என்ற ஆய்வாளர்கள் 1981 இல் வெளியிட்ட எலிப் பதிவுகளில், இக்கலங்களின் துடிப்பு உறக்கத்தில் தளர்ந்து, கனவு உறக்கத்தில் ஏறக்குறைய நின்றுவிட்டது. விழிப்பு திரும்புமுன்பே மீண்டும் ஏறத் தொடங்கியது.

பண்ணைவெளி:
விலங்குகளுக்கு அறுவை செய்து பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மூளை இழையத்துக்கு வலி உணரும் நரம்புகள் இல்லை, துளையிடுவதும் மயக்க மருந்து கொடுத்த பின்புதான். ஆனால் அதற்குப் பிறகுள்ள நாட்களை யாரும் எழுதுவதில்லை. குரங்கின் தலை அசையாமல் பிடிக்க மண்டையோட்டில் பொருத்தும் உலோகமும், ஒரு மிடறு தண்ணீருக்காகவே திரையைப் பார்க்க வைக்கும் தாகமும் வேதனைக் கணக்கில் சேர வேண்டும்.

நல்லூரான்:
அதை நான் மறுக்கவில்லை, அண்ணை. ஆனாலும் என் மருமகனின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வகுப்பில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பேனை கையிலிருந்து நழுவ உறங்கிவிடுவான். சோம்பேறி என்று இரண்டு வருடம் வெளியே நிறுத்தினார்கள். பிறகுதான் ஒரு வைத்தியர் அது நார்கோலெப்சி என்றார். விழிப்பைத் தாங்கும் ஒரெக்சின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைக்கலங்கள் அழிவதால் வரும் நோய் அது.

கொக்குவில் ஆசிரியை:
பிள்ளைக்கு நடந்தது அநியாயம், தம்பி. ஆனால் அந்தக் காரணம் எப்படித் தெரிய வந்தது? 1999 இல் டோபர்மன், லாப்ரடோர் நாய்களின் மரபணுவிலும், 2000 இல் இறந்த நோயாளிகளின் மூளைகளிலும் தேடியே கண்டார்கள். ஒரெக்சின் கலங்களின் துடிப்பை எலிகளில் மின்வாயால் பதிவு செய்த ஆய்வு வெளிவந்தது 2005 இல்தான்.

நல்லூரான்:
அதில் நீங்கள் சொல்வதே சரி. காரணத்தைக் கண்டது மின்வாய் அல்ல. ஆனால் அக்கலங்கள் உறங்கும்போது அடங்கிவிடுகின்றன, விழித்து அசையும்போது துடிக்கின்றன, கனவு உறக்கம் முடியச் சில விநாடிகளுக்கு முன்பே எழுகின்றன என்பதைச் சொன்னது அதுவே. இறந்த மூளை எத்தனை கலங்கள் இல்லை என்று காட்டும். எந்த விநாடியில் பேசின என்று காட்டாது. கவனத்திலும் அப்படித்தான். 1985 இல் மொரன், டெசிமோன் என்ற ஆய்வாளர்கள் குரங்கில் பதிவு செய்தபோது, கண் அசையாமல் கவனம் மட்டும் மாற, ஒரே கலம் தன் பார்வைப் பரப்பிலுள்ள இரு பொருட்களில் கவனிக்கப்படாததற்கான துடிப்பைத் தணித்துக்கொண்டது.

பண்ணைவெளி:
2017 இல் வெளிவந்த நியூரோபிக்சல்ஸ் மின்வாயில் ஒரே நேரத்தில் 384 தடங்களில் பதிவு செய்யலாம். முன்பு பல விலங்குகளில் சேர்த்த தரவு இப்போது சிலவற்றிலிருந்தே கிடைக்கும்போது, பழைய எண்ணிக்கையையே கேட்கும் ஆய்வுக்கு அனுமதி மறுக்கப்பட வேண்டும்.

கொக்குவில் ஆசிரியை:
எலிகளைப் பொறுத்தவரை, அந்த நிபந்தனையோடு என் விடையைத் திருத்திக்கொள்கிறேன். தாகத்தால் பணிய வைக்கப்படும் குரங்குக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. திங்கட்கிழமை இரண்டையும் அந்த மாணவியிடம் சொல்வேன்.