மேப் காட்டிய வழியில் மாட்டிக்கொண்டவர்கள், மேப் இல்லாமல் தவித்தவர்கள்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கோவை டிரைவர்

இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். கல்லட்டி இறக்கம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடி சவாரி. வெளியூர் வண்டி அந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்ற தடை அப்போது வரவில்லை. வண்டியில் கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. இருட்டுவதற்குள் ரிசார்ட்டுக்குப் போயாக வேண்டும் என்று அவசரம். கூடலூர் வழியாகப் போய்விடலாம் என்றேன். பின்சீட்டில் இருந்தவர் ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “இதில் முப்பது கிலோமீட்டர்தான் காட்டுகிறது, நீங்கள் ஏன் இரண்டு மடங்கு சுற்றுகிறீர்கள்?” கிலோமீட்டர் கணக்கில் காசு வாங்குகிறவனிடம் அப்படிக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தலைகுந்தாவில் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

36 கொண்டை ஊசி வளைவு. குன்னூர், கோத்தகிரி மலை எல்லாம் ஓட்டிப் பழகிய கைதான், ஆனால் இந்த இறக்கத்தில் நான் அதற்கு முன் இறங்கியதில்லை. முதல் கியரில் இறங்க வேண்டியதை இரண்டாவதில் இறங்கினேன். பாதி வளைவு தாண்டியிருப்போம், பாட்டிதான் முதலில் சொன்னார்: “தம்பி, ஏதோ துணி தீயிற வாடை அடிக்குது.” துணி இல்லை, பிரேக் லைனர். அடுத்த வளைவில் பெடலை மிதித்தேன், பஞ்சுத் தலையணையை மிதித்த மாதிரி உள்ளே போனது. சரியாக அந்த நேரத்தில் ஃபோனிலிருந்து குரல்: “நேராகச் செல்லவும்.” நேரே தடுப்புச் சுவர். அதற்கு அப்பால் மரங்களின் தலைதான் தெரிந்தது, அடி தெரியவில்லை.

முதல் கியரை அடித்துப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்துச் சாக்கடையில் சக்கரத்தை இறக்கி உரசித்தான் நிறுத்தினேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சின்னப் பிள்ளை மட்டும் அழவே இல்லை, என் சட்டைக் காலரைப் பிடித்த கையை விடவும் இல்லை.

முப்பது கிலோமீட்டர் என்று ஃபோன் காட்டியது பொய் இல்லை, அதுதான் என்னை உறுத்துகிறது. காகித மேப்பாக இருந்தால் அந்த ரோட்டைக் குடல் மாதிரி நெளித்து வரைந்திருப்பார்கள், பார்த்த மாத்திரத்தில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இன்னும் காகித மேப் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்களா?


நாமக்கல் பழைய லாரி

தம்பி, காகித மேப்பை விரித்து வைத்து லாரி ஓட்டியவனை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. 1986-ல் கிளீனராக ஏறினேன். நாக்பூர் லைன். அன்றைக்கு அது என்.எச். 7, இப்போது நம்பரை மாற்றி 44 என்கிறார்கள். எங்களிடம் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. எங்கள் டிரைவருக்கு எழுதப் படிக்க வராது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஊர், அடையாளம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

1991, மழைக்காலம். சேலத்தில் ஏற்றிய ஜவ்வரிசி லோடு. அதிலாபாத் தாண்டி ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிரிவு. மைல்கல்லில் ஒரு பக்கம் இந்தி, ஒரு பக்கம் தெலுங்கு. கேட்க ஒரு டீக்கடைகூட இல்லை. நோட்டை எடுத்தால் கேபின் ஒழுகி நனைந்து கிடக்கிறது. டிரைவர் அதை வாங்கித் தன் லுங்கியில் ஒற்றினார். நான் எழுதிய ‘ஹிங்கன்காட்’ என்ற ஊர்ப்பெயர் அப்படியே நீல மையாக அவர் லுங்கிக்குப் போய்விட்டது, தாளில் ஒன்றும் இல்லை. நான் வலது என்றேன், வலது தப்பு. விடியும்வரை குண்டும் குழியுமான ரோட்டில் போய், தார்ப்பாய் கிழிந்து, பதினோரு மூட்டை நனைந்தது. ஓனர் அவர் சம்பளத்தில் பிடித்தார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

ஆகவே சாட்டிலைட்டைக் குறை சொல்லாதே. அன்றைக்கு அது இருந்திருந்தால் காலில் விழுந்து வாங்கியிருப்பேன். உன் விஷயத்தில் தப்பு மேப்பில் இல்லை. தெரியாத மலையில், பின்சீட்டு ஆள் பேச்சைக் கேட்டு, இரண்டாவது கியரில் இறங்கினாய். ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று கிளீனர் பையனுக்குக்கூடச் சொல்லிக்கொடுப்போம்.


மடிப்பாக்கம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் அம்மாவுக்கு டயாலிசிஸ். கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் நெட்வொர்க் போனது. ஃபோனில் சாம்பல் கட்டம், அதன் மேல் ஒரு நீலப் புள்ளி, தெரு ஒன்றுகூட இல்லை. நான் நகர நகர அந்தப் புள்ளியும் நகர்கிறது. எங்கே நகர்கிறது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு பால்காரர்தான் எந்தெந்தத் தெரு மேடு என்று சொல்லி அனுப்பினார். அந்தப் புள்ளியை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.


ஆம்புலன்ஸ் பைலட்

நாமக்கல் அண்ணன் சொல்வதில் பாதிதான் சரி. எங்கள் வேலையில் தப்பு மேப்பிலும் இருக்கும்.

செங்கம் பக்கம் ஒரு பிரசவ கேஸ். ஊர் பெயர் புதூர். நம் மாவட்டங்களில் எத்தனை புதூர் என்று உங்களுக்கே தெரியும். மண் ரோட்டில் போய்க்கொண்டே இருக்கிறோம், “சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்” என்று சொல்லி ஃபோன் நிறுத்திக்கொண்டது. முன்னால் ஏரி. மழை பெய்து தளும்பத் தளும்ப நிற்கிறது. அக்கரையில் யாரோ செல்ஃபோன் லைட்டை மேலும் கீழும் ஆட்டுகிறார்கள். கண்ணுக்கு இருநூறு மீட்டர், ரோட்டில் சுற்றினால் நாலு கிலோமீட்டர். சுற்றப் பாதி வழி போனால் ஓடை உடைத்துக்கொண்டு ஓடுகிறது. திரும்பி வந்தோம். அவர்களே அந்தப் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை மேலேயே நடந்து வந்தார்கள். மதகு பக்கத்தில் கட்டிலை இறக்கிவைத்த இடத்திலேயே பிரசவம். வண்டியில் முதலுதவி பார்க்கிற எங்கள் இ.எம்.டி. அக்கா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தார். ஆண் குழந்தை, நல்லபடியாக அழுதது.

வண்டியில் ஏறும்போது அந்தப் பெண்ணின் கணவர் கேட்டார்: “நாங்க லைட்டு காட்டினது தெரிஞ்சுதா சார்?” தெரிந்தது என்றேன். “அப்புறம் ஏன் சார் வரல?” என்றார். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் சொல்கிறேன், நேவிகேஷன் இல்லாமல் என்னால் வேலை செய்ய முடியாது. அன்றைக்கு நான் வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலில் வந்து நாலாவது நாள். அது இல்லையென்றால் அந்த ஏரிக்கரைக்குக்கூட வந்திருக்க மாட்டேன்.


ஓய்வு பெற்ற சர்வேயர்

எல்லாவற்றையும் படித்தேன். என் கதை சின்னது. 1984-ல் ஜவ்வாது மலையில் டோப்போ ஷீட்டில் (சர்வே துறையின் நில வரைபடம்) புள்ளிக்கோடாகப் போட்டிருந்த ஒற்றையடிப் பாதையை நம்பி ஜீப்பை விட்டுவிட்டு நடந்தோம். பாதை இருந்தது, ஷீட்டில் காட்டிய கிணறு தூர்ந்து போயிருந்தது. அந்த வெயிலில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த கணம் மறக்காது. உள்ளே எருக்கஞ்செடி.

மடிப்பாக்கம் நண்பர் சொன்ன நீலப் புள்ளிக்கு வருகிறேன். அது தப்பாக நகரவில்லை. இடத்தைச் சொல்வது செல்ஃபோன் டவர் மட்டும் இல்லை, சாட்டிலைட். ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் நேரக் குறிப்பை ஃபோன் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான், திருப்பி ஒன்றும் அனுப்புவதில்லை. குறைந்தது நாலு சாட்டிலைட் கிடைத்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் எல்லாம் வந்துவிடும். இதற்கு இண்டர்நெட் தேவையே இல்லை. இண்டர்நெட் வேண்டியது தெருக்களின் படத்துக்கு. ஆகவே மழைக்காலம் தொடங்கும் முன்பே உங்கள் மாவட்டம் முழுவதையும் ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மறக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

நாமக்கல் நண்பருக்கு: 1991-ல் ஜி.பி.எஸ். கையில் இருந்திருந்தாலும் இப்போது போலத் துல்லியமாக இருந்திருக்காது. பொதுமக்களுக்கு வரும் சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலங்கலாக்கித்தான் கொடுத்தது, நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள். ஒரு பிரிவு ரோட்டில் எந்தக் கையில் நிற்கிறோம் என்பதே அன்று சந்தேகமாக இருந்திருக்கும். ஜி.பி.எஸ். மாதிரியே இடம் காட்டுகிற நம் இஸ்ரோவின் நாவிக் வரிசையில் முதல் சாட்டிலைட் போனது 2013-ல்தான்.

கோவை தம்பிக்கு: நீங்கள் கேட்ட காகித மேப் இருக்கிறது, ஆனால் சுற்றுலா மேப் வாங்காதீர்கள், அதில் மலை ரோட்டை நேர்கோடாகவே போட்டிருப்பார்கள். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 ஷீட்டைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டர். பழுப்பு நிறத்தில் சமஉயரக் கோடுகள் இருக்கும், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே ஆள் ஏற்றிய வண்டியை இறக்க யோசியுங்கள். ஃபோனிலும் நிலப்பரப்பு என்று ஒரு அடுக்கு உண்டு, அதைப் போட்டாலே மலை தெரியும். 1802-ல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து அளந்த முதல் கோட்டிலிருந்து கிளம்பியதுதான் நாட்டையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வே. அத்தனை பாடுபட்டுக் குறித்த உயரங்களை வண்டி ஓட்டுகிறவர் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

இன்னொன்று. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே, ஒரு பகுதியை வெள்ளம் அடித்துக்கொண்டு போன பாலத்தின் மீது கார் ஏறி ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். ஃபோனில் பாலம் முழுசாக இருந்திருக்கும். காகிதத்திலும் முழுசாகத்தான் இருந்திருக்கும். அந்த இடத்தில் குறுக்கே நாலு கல்லை வைத்து மறித்திருந்தால் மூன்று உயிர் பிழைத்திருக்கும்.


குரோய்டன் அக்கா

நான் யாழ்ப்பாணம், இப்ப இலண்டனில். இங்கே 2017 டிசம்பரில் இருந்து கார் ஓட்டும் பரீட்சையிலேயே சற்நாவ் (வழி சொல்கிற கருவி) வைத்துவிட்டார்கள். நான் எடுத்தபோது இருபது நிமிடம் அது சொல்கிற வழியில் ஓட வேண்டியிருந்தது. ஐந்து பேரில் ஒருவருக்கு மட்டும் வீதிப் பலகை பார்த்து ஓடச் சொன்னார்கள். எனக்குச் சற்நாவ் வந்தது. ஒரு பெரிய ரவுண்டபௌட்டில் மூன்றாவது வெளிவழி என்றது, நான் பதற்றத்தில் இரண்டாவதில் போய்விட்டேன். அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், “பிழையில்லை, ஓடுங்கோ” என்கிற மாதிரிக் கையைக் காட்டினார். வழி மாறினால் புள்ளி வெட்ட மாட்டார்கள், கவனமில்லாமல் ஓடினால்தான் வெட்டுவார்கள் என்று பிறகுதான் தெரியும். பாஸ்.

ஆனால் நான் எழுத வந்தது அது இல்லை. மாமா இங்கே மினிகப் (வாடகைக் கார்) ஓடியவர், மடியில் ஏ-டு-இசட் என்கிற வீதி மேப் புத்தகம். கடைசிக் காலத்தில் என் காரில் பின்னுக்கு இருந்துகொண்டு, சற்நாவ் வாய் திறக்க முதலே அடுத்த திருப்பத்தைச் சொல்வார். எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர் போய் ஒரு வருடம் இருக்கும், டூட்டிங்கில் வேலை முடிந்து வரும்போது ஃபோன் செத்துவிட்டது. ஆறு வருடம் தினமும் போய் வந்த பாதை. மிச்சம் (Mitcham) என்கிற இடத்துப் பூங்காவெளி ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு இடமா வலமா என்று தெரியாமல் இருந்தேன். பிள்ளை நேசரியில் காத்துக்கொண்டு நிற்கிறாள். பின்னுக்குத் திரும்பிப் பார்த்தேன், மாமா இருந்த சீட்டை.

இலண்டன் கறுப்பு டாக்சிக்காரர் சாரிங் குறொஸ்ஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் 25,000 வீதியை மனப்பாடம் பண்ணித்தான் லைசென்ஸ் எடுப்பார்கள். அவர்களின் மூளையில் இடம் நினைவு வைக்கிற பகுதியின் பின்பக்கம் பெரிதாக இருக்கிறது என்று 2000இல் இங்கத்தைய ஆய்வு ஒன்று காட்டியது. மாமாவுக்கும் அப்படி இருந்திருக்கும். எனக்கு அந்த இடத்தில் என்ன இருக்கிறதோ.


ஆம்புலன்ஸ் பைலட்

சர்வேயர் ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், சமஉயரக் கோடு எனக்கு உதவாது. ஃபோனில் கதறுகிற ஆளிடம் நான் என்ன ஷீட் நம்பரா கேட்க முடியும்? அந்த ஏரிக்குப் பிறகு மூன்றே கேள்விதான் கேட்கிறேன். எந்த ஊரைத் தாண்டி உங்கள் ஊர்? ரேஷன் கடை எங்கே இருக்கிறது? மெயின் ரோட்டுக்கு ஒரு பைக் அனுப்ப முடியுமா? பைக் வந்துவிட்டால் ஃபோனை அணைத்துவிட்டு அவன் பின்னாலேயே போய்விடுவேன். தயவுசெய்து இதைப் படிக்கிற எல்லோரும் உங்கள் வீட்டு லொகேஷனை, கார் வந்து நிற்கிற இடத்தில் நின்று, இன்றைக்கே எடுத்து வீட்டில் உள்ள எல்லோர் ஃபோனிலும் போட்டு வையுங்கள். ராத்திரியில் வலி வந்த பிறகு எடுக்க முடியாது.


கோவை டிரைவர்

கியர் விஷயத்தில் அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் தெரியாத மலை என்றால் கீழே செக்போஸ்ட்டில் இறங்கிக் கேட்காமல் வண்டியை எடுப்பதில்லை, சவாரி போனாலும் பரவாயில்லை. அண்ணே, ஒன்று கேட்க வேண்டும். அந்த நோட்டு என்ன ஆச்சு?


நாமக்கல் பழைய லாரி

நாக்பூர் போய்ச் சேர்ந்ததும் அவரே ஒரு புது நோட்டு வாங்கினார், பென்சிலும் வாங்கினார். மை கரையும், பென்சில் கரையாது என்று யாரோ சொன்னார்களாம். லாரிப்பேட்டையில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார், எழுதினேன். அவர் போய்விட்டார், நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நீ கேட்டதற்காக எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் கவர் போட்டு, நூலால் கட்டி வைத்திருக்கிறேன். ஏழாம் பக்கம்:

“அதிலாபாத். தாண்டி ஆத்துப் பாலம். அப்புறம் பிரிவு. வலது போகாதே. இடது. பெரிய வேப்ப மரம். ஹிங்கன்காட்.”

‘வலது போகாதே’ என்பதன் அடியில் இரண்டு கோடு போடச் சொன்னார். போட்டிருக்கிறேன்.