1988-ஆம் ஆண்டின் மெக்லாரன் எம்பி4/4: வென்றது வடிவமைப்பா, ஹோண்டா என்ஜினா?

கேள்வி:

1988-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பருவத்தில் நடந்த 16 பந்தயங்களில் 15-ஐ மெக்லாரன் எம்பி4/4 வென்றது. 15 போல் பொசிஷன்களும் (தொடக்க வரிசையின் முதலிடம்) அதற்கே கிடைத்தன. அந்தப் பருவத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மெக்லாரனின் சென்னா, புரோஸ்ட் என்ற இரு ஓட்டுநர்களின் போட்டியைச் சுற்றியே அமைகிறது. காரைப் பற்றிக் கேட்டால், "ஹோண்டா என்ஜின் இருந்தது, அதனால் வென்றார்கள்" என்ற ஒற்றை வரியோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஓட்டுநர்களையும் என்ஜினையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், அந்தக் காரின் உடலமைப்பில் அப்படி என்னதான் இருந்தது என்பதை அறிய விரும்புகிறேன்.

பதில் 1:

என்ஜின் மட்டுமே காரணம் என்ற வாதத்தைச் சோதிக்க அதே பருவத்திலேயே ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. லோட்டஸ் அணியும் அந்த ஆண்டு அதே ஹோண்டா ஆர்ஏ168இ டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும்) என்ஜினைத்தான் லோட்டஸ் 100டி காரில் பயன்படுத்தியது. அதை ஓட்டிய நெல்சன் பிக்கே அதற்கு முந்தைய ஆண்டின் உலகச் சாம்பியன். அப்படியிருந்தும் லோட்டஸ் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. பருவ முடிவில் மெக்லாரன் 199 புள்ளிகளும் லோட்டஸ் 23 புள்ளிகளும் பெற்றிருந்தன. இத்தாலியின் இமோலாவில், தொடக்க வரிசையைத் தீர்மானிக்கும் தகுதிச் சுற்றில் சென்னாவும் புரோஸ்டும் முதலிரண்டு இடங்களைப் பிடிக்க, மூன்றாவதாக வந்த பிக்கே சென்னாவைவிட மூன்று வினாடிக்கும் மேல் பின்தங்கியிருந்தார். என்ஜின் ஒன்றே என்னும்போது, இந்த இடைவெளியில் பெரும்பகுதி காரின் உடலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அந்த உடலைப் புரிந்துகொள்ள விதிமுறைகளிலிருந்து தொடங்க வேண்டும். 1989 முதல் டர்போ என்ஜின்கள் முற்றிலும் தடை செய்யப்படவிருந்ததால், 1988-இல் அவற்றின் காற்றழுத்த வரம்பை 4 பாரிலிருந்து (பார் என்பது அழுத்தத்தின் அலகு) 2.5 பாராகவும், ஒரு பந்தயத்துக்கான எரிபொருளை 195 லிட்டரிலிருந்து 150 லிட்டராகவும் குறைத்தார்கள். டர்போ இல்லாத 3.5 லிட்டர் என்ஜின்களுக்கு எரிபொருள் வரம்பே கிடையாது. குறைந்தபட்ச எடையிலும் அவற்றுக்கு 40 கிலோ சலுகை இருந்தது. ஒரே ஒரு பருவத்துக்காகப் புதிய டர்போ காரை உருவாக்குவது வீண் செலவு என்று பல அணிகள் எண்ணின. மெக்லாரனும் ஹோண்டாவும் அப்படி எண்ணவில்லை. அந்த ஓராண்டுக்காகவே கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) தாழ்வாக அமைந்த ஒரு வி6 (V வடிவில் ஆறு சிலிண்டர்கள் கொண்ட) என்ஜினை ஹோண்டா தந்தது. அந்தத் தாழ்வை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும் காரை மெக்லாரன் கட்டியது.

இதன் பலன் காரின் ஒவ்வொரு பகுதியிலும் தெரிகிறது. கிராங்க்ஷாஃப்ட்டின் முனையில் பொருந்தும் கிளட்ச் சிறியதானதால் கிராங்க்ஷாஃப்ட்டைத் தரைக்கு அருகில் கொண்டுவர முடிந்தது. எரிபொருள் அளவு குறைந்ததால் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் தொட்டியும் சிறியதானது. ஓட்டுநர் ஏறக்குறைய படுத்த நிலையில் அமர்த்தப்பட்டதால் முன்பகுதியின் உயரமும் குறைந்தது. இவை மூன்றும் சேர்ந்து காரின் ஈர்ப்பு மையத்தைக் கீழிறக்கின, காற்றுத் தடையைக் குறைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்புற இறக்கையை நோக்கிச் செல்லும் காற்று தடையின்றிப் போய்ச் சேர வழி திறந்தது.

ஆனால் என்ஜினைத் தாழ்த்தினால் ஒரு சிக்கல் எழும். வழக்கமான இரண்டு தண்டு கியர்பாக்ஸைப் பொருத்தினால், சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டுகள் கீழிருந்து மேலாகக் கடுமையான சாய்வில் இயங்க வேண்டிவரும். அவற்றின் மூட்டுகள் அதைத் தாங்கா. அதனால் கியர்பாக்ஸ் வல்லுநர் பீட் வைஸ்மனின் பங்களிப்போடு மூன்று தண்டுகள் கொண்ட கியர்பாக்ஸ் ஒன்றை உருவாக்கி, விசை வெளிவரும் இடத்தை மீண்டும் மேலே உயர்த்தினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கே படாத இந்தப் பகுதியைத்தான் அந்தக் காரின் மிக அழகான தீர்வாக நான் கருதுகிறேன்.

பதில் 2:

மேலே உள்ள பதிலில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் ஹோண்டாவின் பங்கை இவ்வளவு சுருக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. 150 லிட்டரில் ஒரு முழுப் பந்தயத்தை வேகம் குறையாமல் ஓடி முடிப்பதே அந்த ஆண்டின் உண்மையான தேர்வு. ஃபெராரியிடமும் டர்போ என்ஜின் இருந்தது. பிரிட்டனின் சில்வர்ஸ்டோனில் அதன் ஓட்டுநர் கெர்ஹார்ட் பெர்கர் போல் பொசிஷனையே எடுத்தார். மெக்லாரனுக்குக் கிடைக்காமல் போன ஒரே போல் பொசிஷன் அது. ஆனால் தகுதிச் சுற்றில் காட்டிய வேகத்தைப் பந்தயம் முழுவதும் தக்கவைக்க ஃபெராரியின் எரிபொருள் செலவு இடம் தரவில்லை. ஹோண்டாவோ எரிபொருளைச் சூடாக்கி அனுப்புவதிலும் மின்னணுக் கட்டுப்பாட்டிலும் மிக நுணுக்கமாக உழைத்து, ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் கூடுதல் ஆற்றலைப் பெற்றது. லோட்டஸ் தோற்றது என்ஜின் மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறதே தவிர, அந்த என்ஜின் இல்லாமலேயே மெக்லாரன் வென்றிருக்கும் என்பதைக் காட்டவில்லை.

போட்டியாளர்களின் நிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1987-இல் ஹோண்டாவோடு சாம்பியனான வில்லியம்ஸ் அணி அந்த என்ஜினை இழந்து, டர்போ இல்லாத ஜட் என்ஜினோடு போராடியது. ஆயினும் டர்போ இல்லாத கார்கள் எல்லாமே கையாலாகாதவை அல்ல. ஏட்ரியன் நியூவி வடிவமைத்த மார்ச் 881-ஐ ஓட்டிய இவான் கபெல்லி, ஜப்பானின் சுசூகாவில் சிறிது நேரம் புரோஸ்டையே முந்திப் பந்தயத்துக்குத் தலைமை தாங்கினார்.

கேள்வி கேட்டவர்:

இரு பதில்களுக்கும் மிக்க நன்றி. கியர்பாக்ஸ் பற்றிய விளக்கம் எனக்கு முற்றிலும் புதியது. இந்தத் தாழ்வான அமைப்பு யாருடைய எண்ணம்? சிலர் கார்டன் மர்ரி என்கிறார்கள், சிலர் ஸ்டீவ் நிக்கல்ஸ் என்கிறார்கள். மேலும், தோற்ற அந்த ஒரு பந்தயத்தில் காரின் குறை ஏதேனும் வெளிப்பட்டதா?

பதில் 3:

மர்ரி அப்போது மெக்லாரனின் தொழில்நுட்ப இயக்குநர். நிக்கல்ஸ் அந்தக் காரின் தலைமை வடிவமைப்பாளர். 1986-இல் பிராபம் அணிக்காக மர்ரி உருவாக்கிய பிடி55-இலும் இதே போன்ற தாழ்வான உடலும் படுத்த நிலை இருக்கையும் இருந்தன. அந்தக் கார் தோல்வியில் முடிந்தது. உயரமான நான்கு சிலிண்டர் பிஎம்டபிள்யூ என்ஜினை 72 பாகை சாய்த்துப் பொருத்தியதில் எண்ணெய் ஓட்டம் சீர்கெட்டது. ஹோண்டாவின் வி6 தன் அமைப்பிலேயே குட்டையானது என்பதால், எதையும் சாய்க்காமலே அதே எண்ணம் இங்கே கைகூடியது. எம்பி4/4 தன் முந்தைய காரான எம்பி4/3-இலிருந்து வளர்ந்தது என்பது நிக்கல்ஸ் தரப்பின் வாதம். எண்ணத்தின் மூலத்தில் மர்ரிக்கும், அதை ஓடும் காராக மாற்றிய அன்றாட வடிவமைப்புப் பணியில் நிக்கல்ஸுக்கும் உரிய பங்கைத் தருவதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிக்கல்ஸின் பெயர் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டே வந்திருக்கிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தோற்ற பந்தயம் செப்டம்பர் 11 அன்று இத்தாலியின் மான்சாவில் நடந்தது. புரோஸ்ட் என்ஜின் கோளாறால் விலகினார். அந்தப் பருவத்தின் பந்தயங்களில் மெக்லாரனுக்கு ஹோண்டா என்ஜின் பழுதடைந்தது அந்த ஒரு முறைதான். சென்னா முன்னணியில் இருந்தார். ஆனால் பின்னாலிருந்து பெர்கர் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார். இரண்டு சுற்றுகள் மட்டுமே எஞ்சியிருந்தபோது, வில்லியம்ஸின் வழக்கமான ஓட்டுநர் மான்செலுக்குப் பதிலாக அந்த அணியின் காரை ஓட்டிய ஜான் லூயி ஷ்லெஸரை ஒரு சுற்று முந்திச் செல்ல முயன்ற சென்னா, அவருடைய காரோடு மோதி வெளியேறினார். ஃபெராரியின் நிறுவனர் என்ஸோ ஃபெராரி மறைந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், பெர்கரும் அல்பொரெட்டோவும் ஃபெராரிக்கு முதல் இரண்டு இடங்களைப் பெற்றுத் தந்தார்கள். ஆக, உடலமைப்பில் குறை எதுவும் அங்கே வெளிப்படவில்லை. எரிபொருள் வரம்புக்குள் ஓடும் டர்போ காரை நெருக்கிப் பிடித்தால் அதன் முன்னிலை சுருங்கும் என்பது மட்டுமே தெரிந்தது.

வெற்றி விகிதத்தில் இந்தச் சாதனையை 2023-இல் 22-இல் 21 பந்தயங்களை வென்ற ரெட் புல் ஆர்பி19 கடந்துவிட்டது. அதை வடிவமைத்த குழுவின் தலைமையில் இருந்தவர், முந்தைய பதிலில் குறிப்பிடப்பட்ட அதே நியூவி.