புதுப்பிப்பு: கச்சேரிப் பதிவில் விழுந்த இருமல்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் நான் பதிவு செய்த கச்சேரியில், தோடி ராக ஆலாபனையின் நடுவே விழுந்த இருமல்களை நீக்க வழி கேட்டு முன்பு எழுதியிருந்தேன். இரைச்சல் குறைப்பான் உதவவில்லை. அது மின்விசிறி ஓசைபோல மாறாமல் தொடரும் இரைச்சலுக்கே உரியது. ஒலியின் அலைவெண்களை நேரவாரியாகக் காட்டும் நிறமாலைப் படத்தில் முதல் இருமல் செங்குத்துத் தூணாகவும், தம்புராவின் சுருதி இடைவிடாத கிடைக்கோடுகளாகவும் தெரிந்ததால், தூணை மட்டும் தேர்ந்தெடுத்து, இருபுறமும் உள்ள ஒலியைக் கொண்டு நிரப்பிவிட்டேன். சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தின் மேலேயே விழுந்த இரண்டாவதை அவ்வாறு தொட்டபோது காந்தார சுரத்தின் அசைவு மழுங்கியது; ஆகவே அங்கே அரங்கின் ஒலிவாங்கிகளை மட்டும் 6 டெசிபல் தாழ்த்தி, பாடகர் முன்னிருந்ததை அப்படியே விட்டேன். இருமல் இன்னும் கேட்கிறது, ஆனால் தொலைவில். தாளவாத்தியம் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனத்தில் தாளம் தப்பிக் கைதட்டியவரை நீக்கவில்லை. அவர் என் மாமா.